மாமாவின் கணினி

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது மாமா அழைத்தார். 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடையாது என்று மைக்ரோசாப்ட் கைகழுவிய அதே நாள்.

"தம்பி, என் கம்ப்யூட்டருக்கு ஆயுசு முடிஞ்சு போச்சாம். ஸ்கிரீன்லயே எழுதிக் காட்டுது. கடைக்காரப் பையன்கிட்ட தூக்கிட்டுப் போனேன். 'தூக்கிப் போடுங்க அங்கிள், புதுசு வாங்குங்க, 2,200 வெள்ளிதான்'னு சொல்றான். நான் திருப்பித் தூக்கிட்டு வந்துட்டேன்."

மாமாவுக்கு 74 வயது. அந்தப் பெட்டியை மோட்டாரில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போய், அதே மாதிரி திரும்பி வந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடமாக "அடுத்த லீவுக்கு வந்து எல்லாத்தையும் காப்பி எடுத்துத் தர்றேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் நான்தான்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் பூச்சோங்கிலிருந்து கிளம்பினேன். கைப்பையில் ஒரு 480 ஜிபி எஸ்.எஸ்.டி., இரண்டு பென்டிரைவ், இரண்டு பழைய ரேம், வெப்பப் பசை, ஒரு பெயின்ட் பிரஷ், சின்ன திருப்புளிகள். கூடவே பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் அழிரப்பர் ஒன்று. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கோலா சுங்கை பாருவுக்கு இரண்டு வழி. நெடுஞ்சாலையில் சிம்பாங் அம்பாட்டில் இறங்கி அலோர் காஜா, மஸ்ஜித் தானா வழியாகப் போவது ஒன்று. சிரம்பானில் பிரிந்து போர்ட்டிக்சன் போய், கடலோரமாகவே தெற்கே இறங்கி, லிங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மலாக்காவுக்குள் நுழைவது இன்னொன்று. அவசரம் இல்லை என்றால் இரண்டாவது வழிதான். போர்ட்டிக்சனில் ரொட்டி சானாயும் தே தாரேயும் பசியாறிவிட்டுப் போனால், பாசிர் பாஞ்சாங்கைத் தாண்டியதும் ஊர் அமைதியாகிவிடும். பாலத்துக்கு இந்தப் பக்கம் நெகிரி செம்பிலான், அந்தப் பக்கம் மலாக்கா. கோலா லிங்கியில் குன்றின் மேல் டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. கோத்தா சுப்பாய் என்பார்கள். சிப்பாய் என்ற சொல்தான் அது. அங்கே நின்று பார்த்தால் ஆறு கடலில் சேரும் இடம் தெரியும். அன்றைக்கு நான் நிற்கவில்லை. மேற்கே கடல் மேல் காலையிலேயே மேகம் திரண்டிருந்தது.

கோலா என்றால் ஆற்றின் வாய். சுங்கை பாரு என்றால் புதிய ஆறு. பெயரில் மட்டும்தான் புதுசு. பழைய கடை வரிசை, மீன்பிடிப் படகுகள், கடலுணவுக் கடைகள் என்று ஊர் நிதானமாக இருக்கிறது. கடற்கரை என்று தேடி வருகிறவர்கள் இங்கே நிற்காமல் பெங்காலான் பாலாக், தஞ்சோங் பிடாரா என்று தெற்கே போய்விடுவார்கள். ஊருக்கு உள்ளே திரும்பினால் செம்பனை. ஒரு காலத்தில் அதெல்லாம் கித்தா மரம். மாமா அந்தத் தோட்டங்களில் ஒன்றில்தான் கிராணியாக இருந்தார். பெரட்டுக்குப் பெயர் கூப்பிட்டு, பால் நிறுத்து, சம்பளப் புத்தகம் எழுதியவர். எழுதுவது என்பது அவர் கையை விட்டுப் போகவே இல்லை.

அதுதான் இந்தக் கணினியின் கதை.

தோட்டத்தில் கித்தாவை வெட்டிச் செம்பனை போட்டபோது ஆள் குறைந்தது. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சிலர் மஸ்ஜித் தானாவுக்கு, சிலர் அலோர் காஜாவுக்கு, பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தவர்கள் கிள்ளானுக்கு, ஜொகூருக்கு, சிங்கப்பூருக்கு. சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கலாம் என்று ஒரு காலத்தில் அனுமதி இருந்தது நினைவிருக்கிறதா? அதில் வாங்கியவர்களில் மாமாவும் ஒருவர். வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை ஒரு பட்டியல். லயம் எண், குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், எந்த வருடம் போனார்கள், எங்கே போனார்கள், தொலைபேசி எண். 217 குடும்பங்கள்.

கோயில் திருவிழா அழைப்பிதழ் அந்தப் பட்டியலை வைத்துத்தான் போகும். கல்யாணம், கருமாதிச் செய்தியும் அப்படித்தான். ஒரு முறை, தோட்டத்திலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பாட்டி ஒருவர் நீல அட்டைக்கு விண்ணப்பம் போட்டார். அவர் இங்கேதான் பிறந்தார் என்று சொல்ல ஆள் வேண்டும். பக்கத்து லயத்தில் இருந்த இரண்டு முதியவர்களை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மாமா தேடிப் பிடித்தார். ஒருவர் பந்திங்கில் இருந்தார், இன்னொருவர் குளுவாங்கில்.

இத்தனைக்கும் ஒரே ஒரு பிரதி. அதுவும் 2013-ல் வாங்கிய ஒரு பெட்டியில், 12 வருடமாகச் சுழலும் ஒரு வன்தட்டில்.

அத்தை மைலோ கலக்கிக் கொடுத்ததும் வேலையை ஆரம்பித்தோம். முதலில் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்து சுத்தம் செய்யத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். நகல் எடுக்காமல் திருப்புளியைத் தொடக் கூடாது. அசைத்ததில் உயிரை விட்ட வன்தட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இயக்கினேன். திரை வர ஆறு நிமிடம். நேரம் பார்த்தால் 2012 ஜனவரி 1.

"இன்டர்நெட்டும் மூணு மாசமா வரலை தம்பி. எந்தப் பக்கம் போனாலும் ஆபத்துங்கிறான்."

இணையம் நன்றாகத்தான் இருந்தது. தாய்ப்பலகையில் பத்துக் காசு அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று பெயர். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால் கணினி ஒவ்வொரு தடவையும் பழைய தேதியில் விழித்துக்கொள்ளும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. 2012-ல் நிற்கும் கணினிக்கு 2025-ஆம் ஆண்டின் சான்றிதழ் பொய்யாகத் தெரியும். ஆபத்து என்று கதவைச் சாத்திவிடும். மூன்று மாத மர்மம் மூன்று வெள்ளி பேட்டரியில் முடிந்தது. கடை வீதியிலேயே கிடைத்தது.

நகல் எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. வன்தட்டு டிக், டிக் என்று விட்டு விட்டுத் தட்டியது. அந்தச் சத்தம் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் எடுக்க வேண்டும். பட்டியலை எடுத்தேன். இரண்டு பென்டிரைவிலும் போட்டேன். பிறகு படங்கள். 38 ஜிபிக்கு மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் 11 படங்களைப் படிக்கவே முடியவில்லை. என்ன படங்கள் என்று பெயரைப் பார்த்தேன். தோட்டத்துக் கோயிலில் நடந்த கடைசித் தீமிதி.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. "மத்தது இருக்குல்ல" என்றார். போன வருடம் நான் வந்திருந்தால் அந்தப் பதினொன்றும் இருந்திருக்கும்.

பிறகுதான் பெட்டியைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனோம். பிளக்கைப் பிடுங்கியபின் இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். உலோகச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே கை வைத்தால் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரமும் இறங்கிவிடும்.

மூடியைக் கழற்றியதும் அத்தை "ஐயையோ" என்றார். கடற்கரை ஊர்க் கணினி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பட்டணத்துக் கணினியில் தூசி பஞ்சு மாதிரி இருக்கும், ஊதினால் போய்விடும். இங்கே உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி களிம்பாக ஒட்டியிருந்தது. திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. பல்லி எச்சம். மின்வழங்கிக்குக் கீழே எறும்புகள் குடும்பம் நடத்திய தடயம். சூடும் இருட்டும் கிடைத்தால் அவற்றுக்கு வேறென்ன வேண்டும்?

பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினேன். விசிறிகளின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். சும்மா விட்டு ஊதினால் வேகமாகச் சுற்றி அச்சாணி கெடும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடவே கூடாது, அதன் முனை நிலைமின்சாரத்தை உண்டாக்கும். செயலி மேல் இருந்த வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. சுரண்டாமல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, பச்சைப் பட்டாணி அளவுக்குப் புதுப் பசை. அதிகம் வைத்தால் நல்லது என்பது தவறு. இரண்டு உலோகத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பத்தான் பசை, மெத்தை போடுவதற்கு இல்லை.

இப்போது அழிரப்பர். ரேமின் விளிம்பில் பொன்னிறப் பட்டைகள் இருக்கும். உப்புக் காற்றில் அவை மங்கிப்போய்த் தொடர்பு விட்டு விட்டு வரும். கணினி காரணமில்லாமல் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம். சுத்தமான அழிரப்பரால் லேசாக நான்கு தடவை தேய்த்து, துகளைத் தட்டிவிட்டால் பளிச்சென்று ஆகிவிடும். மாமா அதை வாங்கிப் பார்த்தார்.

"முப்பது வருசம் இந்தப் பாலைத்தான் நிறுத்தேன். கடைசியில கம்ப்யூட்டருக்கும் இதுதான் மருந்தா?"

இப்போதைய அழிரப்பர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக், கித்தா இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

பழைய 4 ஜிபி ரேமோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தேன். இது டி.டி.ஆர்.3 வகை. இப்போது வரும் ரேம் இந்தப் பலகையில் நுழையாது, வெட்டு இடம் மாறியிருக்கும். அதனால் வாங்கும் முன் பழையதைக் கழற்றி ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய சாமான் விற்கும் கடையில் 35 வெள்ளி. வன்தட்டின் இடத்தில் எஸ்.எஸ்.டி., 140 வெள்ளி. ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ரேமை விட்டுவிட்டு இதை மாற்றுங்கள். சுழலும் தட்டில் ஊசி தேடிப்போய்ப் படிக்கும் வேலை இதில் கிடையாது. சில்லுகள் மட்டும்தான். பழைய கணினியின் மந்தம் பெரும்பாலும் அந்தத் தட்டினால் வருவதுதான்.

விண்டோஸ் 10-ஐப் புதிதாக ஏற்ற ஆரம்பித்தபோது மணி மூன்று. உரிமம் பற்றிக் கவலை இல்லை. ஏற்கெனவே முறையாகப் பதிவான தாய்ப்பலகை என்றால், வட்டு மாறினாலும் இணையம் கிடைத்ததும் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

பாதி ஏறும்போது கடல் பக்கம் இடித்தது. மாமா எழுந்து தொலைக்காட்சி பிளக்கைப் பிடுங்கினார். பிறகு வைஃபை பெட்டியை. பிறகு என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டும் மாமா, பாதுகாப்புப் பட்டை போட்டிருக்கே" என்றேன்.

"தோட்டத்துல ரேடியோ வச்சிருந்த காலத்துல இருந்தே இடிச்சா பிடுங்கிடுவோம் தம்பி."

அடுத்த இடியில் வீடே இருண்டது. மின்கசிவுத் தடுப்பு விழுந்துவிட்டது. நம் நாடு உலகத்திலேயே இடிமின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாத மாலைகளைக் கேட்கவே வேண்டாம். நான் நம்பிய பாதுகாப்புப் பட்டையைக் கவிழ்த்துப் பார்த்தால் விளக்கே எரியாத பழையது. அதற்குள் இருக்கும் பொருள் ஒவ்வொரு மின்னழுத்த அடியையும் வாங்கி வாங்கித் தேய்ந்துபோகும். பிறகு அது வெறும் நீட்டிப்புக் கம்பிதான். நல்ல பட்டையாகவே இருந்தாலும் பக்கத்தில் விழும் மின்னலுக்கு முன்னால் அது நிற்காது. மாமாவின் வழிதான் சரி. பிளக்கையும் பிடுங்க வேண்டும், இணையக் கம்பியையும் பிடுங்க வேண்டும். செம்புக் கம்பித் தொலைபேசி இருந்த காலத்தில் அந்தக் கம்பி வழியாகவே மின்னல் வந்து எத்தனை மோடம்களைத் தின்றிருக்கிறது!

மழை விடும் வரை கெம்போங் மீன் சம்பாலும் சோறும். இன்னொரு முறை முதலிலிருந்து ஏற்றினேன். இந்தத் தடவை 20 நிமிடத்தில் முடிந்தது. இயக்கினால் 15 விநாடியில் திரை. அத்தை கைதட்டினார்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்டிரைவிலிருந்து பட்டியலைத் திறந்தார். திரை முழுக்கத் தலைகீழ்க் கேள்விக்குறியும், தலையில் கொக்கி போட்ட ஐரோப்பிய எழுத்துகளும். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

"எல்லாம் போச்சா?"

அவர் குரல் அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

போகவில்லை. யூனிகோடு நம் வீடுகளுக்கு வருவதற்கு முந்திய கோப்பு அது. டிஸ்கி என்ற பழைய குறியீட்டில் தட்டச்சு செய்தது. அந்த முறையில் ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை எழுத்துரு வைத்துக் காட்டும். எழுத்துரு இல்லாவிட்டால் சட்டையைக் கழற்றிய மாதிரி. நம்முடைய முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு அஞ்சலில் தமிழ் தட்டச்சு கற்ற மலேசியர்கள் பல பேர். மாமாவும் அப்படித்தான். உங்கள் வீட்டில் 20 வருடத்துக்கு முந்திய தமிழ்க் கோப்புகள் இருந்தால் இதே கதிதான். கோப்பை மட்டும் நகல் எடுத்தால் போதாது, எழுத்துருவையும் எடுக்க வேண்டும்.

டிக் டிக் வன்தட்டை வெளியிலிருந்து இணைத்து, எழுத்துருக் கோப்புறையை மட்டும் எடுத்தேன். தட்டு அதைக் கொடுத்தது. எழுத்துருவைப் பொருத்தியதும் 217 குடும்பங்களும் வரிசையாக வந்து நின்றார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு என்.எச்.எம். மாற்றியைப் போட்டு அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றினோம். இனி கைப்பேசியிலும் படிக்கலாம், பேரப்பிள்ளைகளுக்கும் அனுப்பலாம். தட்டச்சுக்கு மென்பொருள் தேட வேண்டியதில்லை. 2019 முதல் விண்டோஸிலேயே அஞ்சல் விசைப்பலகையும் தமிழ் 99-உம் இருக்கின்றன.

கடைக்காரப் பையன் சொன்னது முழுப் பொய் இல்லை. 2013 கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அது கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பும் புதிய செயலியும் இதில் கிடையாது. குறுக்கு வழிகள் இருக்கின்றன, 74 வயதுக்காரர் வீட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்துப் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கட்டணமின்றித் தொடரும். அதைச் செய்து வைத்தேன். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போட்டுப் பழக்கலாம் என்று இருக்கிறேன். வங்கிக் கணக்கை மட்டும் இதில் திறக்க வேண்டாம் என்றேன். "என்கிட்ட வங்கியில என்ன இருக்கு?" என்றார்.

மொத்தச் செலவு 200 வெள்ளிக்குள். ஒரு பென்டிரைவ் மாமாவின் அலமாரியில், இன்னொன்று என் பையில்.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. மழை விட்ட தெருவில் தவளைச் சத்தம். மாமா இன்னும் கணினி முன்னால்தான். மூன்று மாதமாக எழுத முடியாமல் தாளில் குறித்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். பந்திங்கில் இருந்த அந்த சாட்சிப் பெரியவர் ஆகஸ்டில் காலமாகிவிட்டாராம். அவர் பெயருக்கு எதிரே தேதியைப் போட்டார். கீழே நகர்த்திக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றார். எங்கள் அம்மா, அப்பா, நான், தங்கை. ஆறாவது லயம், ஒன்பதாம் எண் வீடு.

"உன் அட்ரஸ் காப்பார்னே இருக்கு தம்பி. நீ பூச்சோங் போயி எத்தனை வருசமாச்சு? வீட்டு நம்பரச் சொல்லு."

சொன்னேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.